டிரெய்லர் எந்தச் சிரிப்பையும் திருடவில்லை

நகைச்சுவைப் படம் ஒன்று வெளியானால் முதல் நாள் மாலைக்குள் ஒரு தீர்ப்பு தவறாமல் வந்துவிடுகிறது: நல்ல காமெடியெல்லாம் டிரெய்லரிலேயே வந்துவிட்டது, தியேட்டரில் சிரிக்க மிச்சம் எதுவும் இல்லை. அச்சு விமர்சனத்தில் இதைப் படிக்கிறோம், யூடியூப் விமர்சனத்தில் கேட்கிறோம், இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரரும் இதையே சொல்கிறார். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே யாரும் சோதித்துப் பார்க்காத உண்மையாக இது நிலைபெற்றுவிட்டது. இந்தத் தீர்ப்புக்குள் மூன்று நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. நகைச்சுவை என்பது ஒரு படத்துக்குள் இத்தனை என்று எண்ணிவிடக்கூடிய ஜோக்குகளின் கையிருப்பு. டிரெய்லர் அந்தக் கையிருப்பிலிருந்து சிறந்தவற்றை எடுத்து முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. ஒருமுறை கேட்ட ஜோக்குக்கு மறுமுறை சிரிப்பு வராது. மூன்றுமே பிழை. டிரெய்லரைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் படத்தில் உள்ள ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. கேமரா, ஒலி, பாத்திரம் ஆகிய மூன்றையும் கொண்டு அந்த இரண்டரை நிமிடத்துக்கென்றே கட்டப்பட்ட வேறொரு ஜோக்குக்குச் சிரிக்கிறோம். அதைக் கட்டியவரின் வேலையைக் களவு என்று சொல்பவர்கள், நகைச்சுவை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

மூன்றாவது நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை முறியடிக்கத் தமிழ் ரசிகர்களைவிட நல்ல சாட்சி இல்லை. கேட்ட ஜோக் செத்த ஜோக் என்றால் ஆதித்யாவும் சிரிப்பொலியும் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அந்தச் சேனல்கள் நாள் முழுவதும் ஒளிபரப்புவது நாம் ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்த காட்சிகளைத்தான். ‘கரகாட்டக்காரன்’ 1989இல் வந்த படம். அதில் கவுண்டமணி வாழைப்பழக் கணக்குக் கேட்பதும் செந்தில் அசராமல் பதில் சொல்வதும் மூன்றாவது தலைமுறைக்கும் முன்கூட்டியே தெரியும். ஆனாலும் செந்தில் வாயைத் திறக்கும் அந்த நொடியில் சிரிப்பு வருகிறது. ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்தது 2001இல். 18 ஆண்டுகள் கழித்து, 2019இல், நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி உலகமே வியக்கும்படி இணையத்தைக் கலக்கினார்கள் தமிழர்கள். ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012) படத்தில் நினைவு தப்பிய மாப்பிள்ளை ஒரே வசனத்தைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்திருப்பதுதான் அங்கே சிரிப்புக்குக் காரணம். தெரியாதவருக்கு அது வெறும் உளறலாகவே கேட்கும். முன்கூட்டித் தெரிவது நகைச்சுவையைக் கொல்லும் என்ற விதி உண்மையானால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நகைச்சுவைக்கு எதிர்பாராமை வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் எதிர்பாராமை இரண்டு வகைப்படும். கொலைகாரர் யார், இறந்ததாக நினைத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் தகவல் சார்ந்த எதிர்பாராமை. அதை டிரெய்லர் சொல்லிவிட்டால் இழப்பு உண்மையானது. அப்படிச் சொல்லும் டிரெய்லரைக் கண்டிப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நகைச்சுவையின் எதிர்பாராமை வேறு இனத்தைச் சேர்ந்தது. அது கணத்தில் நிகழ்வது: ஒரு முகம் மாறாமல் இருக்கும் நேரம், ஒரு இசை நிற்கும் இடம், ஒரு பதில் வந்து விழும் வேகம். இசை தெரிந்த ராகத்திலேயே சுகம் தருவதற்கும், தெரிந்த காட்சி மறுபடி சிரிப்பைத் தருவதற்கும் காரணம் ஒன்றே. அந்த அனுபவம் தகவலில் இல்லை, நிகழ்த்துதலில் இருக்கிறது. எனவே டிரெய்லர் படத்தின் ஜோக்கைச் ‘சொல்லிவிட்டது’ என்று குற்றம் சாட்டுவோர், நிகழ்த்துதலைத் தகவலோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி இரண்டாவது நம்பிக்கை: டிரெய்லர் செய்வதெல்லாம் எடுத்துக் காட்டுவதுதான் என்பது. இதைத் தகர்க்க ஒரே ஒரு சான்று போதும். 2005ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் உதவிப் படத்தொகுப்பாளர் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்துக்குப் புதிய டிரெய்லர் ஒன்றை வெட்டினார். பனி சூழ்ந்த ஹோட்டலில் மனம் பேதலித்த எழுத்தாளர் சொந்த மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்தும் 1980ஆம் ஆண்டுப் படம் அது. சினிமாவின் மிகப் பயங்கரமான படங்களில் ஒன்று. அந்தப் படத்தின் காட்சிகளை வைத்தே அவர் ஒரு மகிழ்ச்சியான குடும்பப் படத்தை உருவாக்கிக் காட்டினார். எழுதக் கதை கிடைக்காமல் தவிக்கும் ஒருவர், அப்பாவின் அன்புக்கு ஏங்கும் ஒரு சிறுவன், இருவரையும் சேர்த்துவைக்கும் ஒரு கனிவான பின்னணிக் குரல், மேலே பீட்டர் கேப்ரியலின் உற்சாகமான பாடல். ஜாக் நிக்கல்சனின் அதே சிரிப்பு, படத்தில் முதுகெலும்பைச் சில்லிட வைப்பது, இங்கே பாசமுள்ள தகப்பனின் சிரிப்பாகிறது. அடுத்த ஆண்டே இன்னொருவர் இதைத் தலைகீழாகச் செய்தார்: டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ்’ குழந்தைகள் படம் அமானுஷ்யப் பேய்ப்பட டிரெய்லராக மாறியது. இரண்டிலும் புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கப்படவில்லை. சிரிப்பு ஷாட்டுக்குள் பொதிந்து கிடக்கும் பொருளாக இருந்திருந்தால் ‘ஷைனிங்’கிலிருந்து அதை எப்படி எடுத்திருக்க முடியும்? இல்லாத இடத்தில் சிரிப்பை உண்டாக்கியது வெட்டும் இடமும், வெட்டின்மேல் ஓடும் ஒலியும்தான்.

ஒலியின் பங்கைத் தமிழ் விமர்சனம் போதிய அளவு கவனித்ததே இல்லை. கோயன் சகோதரர்களின் ‘எ சீரியஸ் மேன்’ (2009) டிரெய்லரைப் பாருங்கள். 1967இன் மினசோட்டாவில் வாழும் இயற்பியல் பேராசிரியர் லாரி கோப்னிக்கின் வாழ்க்கை எல்லாப் பக்கமும் இடிந்து விழும் கதை அது. படத்தில் ஒரு கனவுக் காட்சி வருகிறது. அதில் ஒருவர் லாரியின் தலையைப் பிடித்துக் கரும்பலகையில் மோதுகிறார். படத்தில் அது சில நொடிகளில் கடந்துபோகும். டிரெய்லர் அந்த மோதல் சத்தத்தை எடுத்துத் தாளமாக்கிக்கொண்டது. டொம், டொம், டொம் என்று தலை மோதும் சத்தம் தொடக்கம் முதல் நீள, அதன்மேல் மற்றவர்களின் பேச்சும் இருமலும் உதவி கேட்கும் லாரியின் குரலும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒரு மனிதரின் துன்பம் தாளக்கட்டுக்குள் சிக்கிக்கொள்வதால் பார்ப்பவருக்குச் சிரிப்பும் மூச்சுமுட்டலும் ஒருசேர வருகின்றன. இந்த ஜோக் படத்தில் கிடையாது. டிரெய்லர் வெட்டும் மேசையில்தான் அது பிறந்தது. இதைக் கேட்டவர் தியேட்டருக்குப் போனால் எதை இழந்திருப்பார்? எதையும் இல்லை. படத்தின் தொனி என்ன, இங்கே எந்த வகையில் சிரிக்க வேண்டும் என்ற பயிற்சியோடு உள்ளே போயிருப்பார்.

இது வெளிநாட்டு நுட்பம், நமக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதன் முழு இலக்கணத்தையும் 1964லேயே இயக்குநர் ஸ்ரீதர் நமக்குக் காட்டிவிட்டார். ‘காதலிக்க நேரமில்லை’யில் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியாகத் தன்னை நியமித்துக்கொண்ட நாகேஷ், தந்தை பாலையாவை உட்காரவைத்துத் தன் பேய்ப்படக் கதையைச் சொல்கிறார். இன்னும் எடுக்கப்படாத ஒரு படத்துக்கு, பணம் போடக்கூடிய ஒரே பார்வையாளர் முன்னால், வாயாலேயே ஓட்டிக் காட்டப்படும் டிரெய்லர் அந்தக் காட்சி. நாகேஷ் சொல்லும் கதையைத் தாளில் எழுதிப் பார்த்தால் அதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. இருட்டு, நடமாட்டம், ஏதோ சத்தம், அவ்வளவே. சிரிப்பு முழுவதும் நாகேஷ் தன் வாயால் எழுப்பும் ஒலிகளிலும், அவர் விடும் இடைவெளிகளிலும், அந்த இடைவெளியில் பாலையாவின் முகம் படும் பாட்டிலும் இருக்கிறது. அந்த முகத்தின்மேல் கேமரா நிலைக்காமல் போயிருந்தால் காட்சியே இல்லை. கதை சொல்பவரை மட்டும் காட்டியிருந்தால் நாகேஷின் திறமையை வியந்திருப்போம். கேட்பவரின் முகத்தைக் காட்டியதால் நாமும் பாலையாவாகிப் பயந்து, அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். ரியாக்‌ஷன் ஷாட் என்று படப்பிடிப்புத் தளத்தில் சொல்கிறார்களே, அதன் வலிமைக்குத் தமிழில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இன்றைய நகைச்சுவை டிரெய்லர்களும் பன்ச் வசனம் பேசுபவரைவிட அதைக் கேட்டு விழிப்பவரையே அதிகம் நம்புவதற்கு இதுவே காரணம்.

கேமராவின் நகைச்சுவையைத் தனியே பார்ப்போம். எட்கர் ரைட்டின் ‘ஹாட் ஃபஸ்’ (2007) லண்டனிலிருந்து அமைதியான கிராமத்துக்கு மாற்றப்படும் போலீஸ்காரர் ஒருவரின் கதை. அலுவலகத்தில் படிவம் நிரப்பும் சலிப்பான வேலையை, ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்களில் துப்பாக்கியில் தோட்டா நிரப்புவதைக் காட்டும் அதே க்ளோஸப்களாலும், திடீர் ஸூம்களாலும், காது அதிரும் சத்தத்தாலும் காட்டுகிறார் ரைட். யாரும் எந்த ஜோக்கும் சொல்வதில்லை. பொருள் சிறியது, அதைப் பார்க்கும் பார்வை பிரம்மாண்டமானது. இந்தப் பொருத்தமின்மையே சிரிப்பு. சி.எஸ். அமுதன் ‘தமிழ்ப் படம்’ (2010), ‘தமிழ்ப்படம் 2’ (2018) இரண்டிலும் செய்தது இதே வேலை. நமக்குப் பழகிப்போன மாஸ் காட்சிகளின் கோணம், ஸ்லோ மோஷன், பின்னணி இசை, காற்றில் பறக்கும் தூசி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் சிவாவை நிறுத்தினார். அந்தப் படங்களின் டீசர்களும் போஸ்டர்களும் வந்தவுடனேயே சிரிப்பு கிளம்பியது என்றால், பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த ஃப்ரேம்களைத் தொட்டதுதான் காரணம். ஒரு ஃப்ரேமே ஜோக்காக நிற்கும் இடத்தில் ‘எந்த ஜோக்கைச் செலவழித்தார்கள்’ என்று எண்ணிக் கணக்குக் கேட்பது பொருளற்றது.

மூன்றாவது கருவி பாத்திரம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒருவரை நமக்கு மெல்ல அறிமுகம் செய்ய அவகாசம் உண்டு. டிரெய்லருக்கு அது கிடையாது. ஆகவே ஒரு முகத்தை ஒரே நொடியில் மனிதராக்கும் வழியை அது கண்டுபிடித்தாக வேண்டும். இயக்குநர் நெல்சனின் படங்கள் இதில் தெளிவான பாடம். ‘கோலமாவு கோகிலா’வில் (2018) நயன்தாரா அப்பாவித்தனமும் அழுத்தமும் கலந்த, எதற்கும் அசையாத முகத்தோடு நிற்கிறார், அவர்மீது காதல் கொண்டு உருகுகிறார் யோகி பாபு. ‘டாக்டர்’ (2021) படத்தில் அதுவரை கலகலப்பாகப் பேசியே பெயர் வாங்கிய சிவகார்த்திகேயன் சிரிக்காத, சுருக்கமாக மட்டும் பேசும் ராணுவ மருத்துவராகிறார். அவரைச் சுற்றி யோகி பாபு, ரெடின் கிங்ஸ்லி, தீபா என்று ஓயாமல் பேசுபவர்கள் கூட்டம். உறைந்த முகத்துக்கும் கூச்சலிடும் குரலுக்கும் இடையே மாறி மாறி வெட்டினாலே போதும், யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியும் முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது. ரெடின் கிங்ஸ்லியின் குரல் என்ன சொல்கிறது என்பதைவிட எந்த உச்சத்தில் ஒலிக்கிறது என்பது முக்கியம். இந்த இரண்டு படங்களையும் தொகுத்தவர் ஆர். நிர்மல், இசை அனிருத். இந்தப் படங்களின் நகைச்சுவையைப் பாராட்டிய விமர்சனங்களில் இயக்குநர் பெயரும் நடிகர் பெயரும் நிறைந்திருந்தன. மௌனத்தை எத்தனை ஃப்ரேம் நீட்டுவது என்று தீர்மானித்தவரின் பெயர் அவற்றில் எத்தனை முறை வந்திருக்கும்? ஜோக்கைக் கையிருப்பாகப் பார்க்கும் பார்வை செய்யும் முதல் அநீதி இது.

இதற்கு மேலும் ஐயம் இருப்பவர்கள், படத்திலிருந்து ஒரு ஜோக்கைக்கூட எடுக்காமலே சிரிக்கவைத்த டிரெய்லர்களைப் பார்க்கலாம். மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்டைப் பற்றி 2002இல் வந்த ஆவணப்படம் ‘கமீடியன்’. அதன் டிரெய்லரில் ஹாலிவுட் டிரெய்லர்களுக்குக் காலங்காலமாகப் பின்னணி பேசிய ஹால் டக்ளஸ் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, தன் கம்பீரக் குரலில் வழக்கமான முன்னுரை ஒன்றைத் தொடங்குகிறார். இது அப்படிப்பட்ட படமில்லை என்று நிறுத்துகிறார்கள். அவர் அதே போன்ற இன்னொன்றைத் தொடங்குகிறார், மறுபடி நிறுத்துகிறார்கள். ஒரு குரல், ஒரு அறை, ஒரு பிடிவாதம், இவை மட்டுமே அங்கே உள்ளன. ஹிட்ச்காக் ‘சைக்கோ’ (1960) டிரெய்லரில் தாமே தோன்றி, சுற்றுலா வழிகாட்டிபோல அந்த வீட்டையும் விடுதியையும் சாவகாசமாகச் சுற்றிக் காட்டினார், கொலை நடந்த இடத்தை விவரிக்கும் அந்த நிதானத்தில்தான் நகைச்சுவை. நம் ஊரில் ‘டாக்டர்’ படத்தின் ‘செல்லம்மா’ பாடலுக்கு வந்த முன்னோட்டத்தில் நெல்சன், அனிருத், சிவகார்த்திகேயன் மூவரும் தாங்களாகவே வந்து பேசிக்கொள்கிறார்கள். 2025 பொங்கலுக்கு வந்த ‘ஜெயிலர் 2’ அறிவிப்பில் நெல்சனும் அனிருத்தும் கோவாவில் ஓய்வாகக் கதை பேசிக்கொண்டிருக்க, அந்த இடத்தை உடைத்துக்கொண்டு ரஜினியின் ஆக்‌ஷன் புகுகிறது. இவற்றில் எது படத்தின் கையிருப்பிலிருந்து எடுக்கப்பட்டது? டிரெய்லர் என்பது தனக்கென வடிவமும் தனக்கெனச் சிரிப்பும் உள்ள குறும்படைப்பு என்பதற்கு இவை நேரடிச் சான்றுகள்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமாகாது. தமிழ் நகைச்சுவை அடிப்படையில் பேச்சு நகைச்சுவை என்பார்கள். கிரேசி மோகன் வசனங்கள் கேமரா இல்லாமலே சிரிக்கவைக்கும். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே ‘திருவிளையாடல்’ தருமிக்குச் சிரித்த தலைமுறை இங்கே உண்டு. அதனால் வசனத்தை டிரெய்லரில் வைத்துவிட்டால் கதை முடிந்தது என்பது அந்த வாதம். முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன், முடிவை ஏற்க முடியாது. ஒலிச்சித்திரம் காட்டுவது சொற்களின் வெற்றியை மட்டுமா? தருமியாக நடித்த நாகேஷின் குரல் ஏறி இறங்கும் விதம், புலம்பலுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கும் இடம், சிவாஜியின் குரலில் உள்ள நிதானம் ஆகியவற்றின் வெற்றியையும் சேர்த்தே அது காட்டுகிறது. அதே வசனத்தை நாடகம் படிக்கும் மாணவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் சிரிப்பு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ வசனங்களின் சிறப்பும் ஒருவர் பேச்சை இன்னொருவர் தவறாகக் கேட்கும் வேகத்தில் இருக்கிறது. வேகம் என்பது ஒலியின் குணம். அந்தப் படத்தின் நாயகர் கமல் ஹாசனையும் இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவையும் கொண்டு உருவான ‘பேசும் படம்’ (1987) ஒரு வசனமும் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிரிக்கவைத்தது. தமிழ் ரசிகர் பேச்சுக்கு மட்டுமே சிரிப்பார் என்பது தமிழ் ரசிகரைக் குறைத்து மதிப்பிடுவது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. எல்லா பன்ச்களையும் கொட்டிவிட்டு, பின்னால் வரும் படத்தில் வேறெதுவும் இல்லாத டிரெய்லர்கள் வரத்தானே செய்கின்றன என்பார்கள். வருகின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். 150 நிமிடப் படத்துக்கு 150 விநாடி டிரெய்லர் என்றால், அது படத்தின் அறுபதில் ஒரு பங்கு. மீதி ஐம்பத்தொன்பது பங்கில் சிரிப்பு இல்லையென்றால் குற்றவாளி அந்த ஒரு பங்கா? டிரெய்லர் வெட்டுபவர் படம் முழுவதையும் அலசி, கிடைத்ததைக் கொண்டு தன் வேலையைச் செய்திருக்கிறார். டிரெய்லரில் வேலை செய்த அதே வசனம் தியேட்டரில் விழுந்து கிடந்தால், அதற்குக் காரணம் அதை முன்பே கேட்டோம் என்பதல்ல. டிரெய்லரில் அதற்கு முன்னால் சரியான இடத்தில் இசை நின்றது, பின்னால் சரியான முகம் வந்தது, படத்தில் இரண்டும் இல்லை. இந்தத் தோல்வியை ஆராய்ந்தால் அந்தப் படத்தின் எழுத்து, படத்தொகுப்பு, ஒலி எங்கே தளர்ந்தன என்று நமக்குத் தெரியவரும். ‘டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள்’ என்ற வரி அந்த ஆராய்ச்சிக்கே கதவை அடைத்துவிடுகிறது.

டிரெய்லர் விளம்பரம்தானே, அதற்கு இத்தனை மரியாதை எதற்கு என்றும் கேட்கலாம். பேய்ப்படத்தைக் குடும்பப் படமாகக் காட்ட முடியுமென்றால் அது ஏமாற்றுக் கலைதானே என்றும் கேட்கலாம். ஏமாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதால்தான் அதைக் கூர்ந்து மதிப்பிட வேண்டும் என்கிறேன். நகைச்சுவை டிரெய்லர் பார்ப்பவருக்குக் கொடுக்கும் வாக்கு ஜோக்குகளின் எண்ணிக்கையைப் பற்றியதன்று. இந்தப் படம் உலகத்தை எப்படிப் பார்க்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்பதே அந்த வாக்கு. ‘எ சீரியஸ் மேன்’ டிரெய்லர் தன் வாக்கைக் காப்பாற்றியது. மந்தமான ஒரு படத்துக்கு வேகமான வெட்டும் துள்ளலான இசையும் போட்டு ஆள் சேர்க்கும் டிரெய்லர் வாக்குத் தவறுகிறது. கண்டிக்க வேண்டியது இந்த வாக்குத் தவறுதலை. இப்போதைய குற்றச்சாட்டோ நேர்மையான டிரெய்லரையும் நேர்மையற்றதையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது.

இந்தத் தவறான பார்வைக்கு விலை உண்டு. அதை நம்பும் தயாரிப்பாளர் முன்னால் இரண்டு வழிகளே இருக்கும்: சிரிப்பை ஒளித்துவைத்துவிட்டு வெறும் பில்டப் காட்டுவது, அல்லது எப்படியும் திட்டத்தானே போகிறார்கள் என்று வசனங்களை வரிசையாக அடுக்கிவிடுவது. இரண்டிலும் கேமராவுக்கும் ஒலிக்கும் பாத்திரத்துக்கும் இடமில்லை. விமர்சகர்கள் கேள்வியை மாற்றினால் இந்த நிலை மாறும். எத்தனை ஜோக்கைக் காட்டினார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் வெட்டினார்கள், எங்கே ஒலியை நிறுத்தினார்கள், யார் முகத்தில் நிலைத்தார்கள், அந்தத் தொனியைப் படம் கடைசிவரை காப்பாற்றியதா என்று கேட்கட்டும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் படத்தொகுப்பாளரும் ஒலி வடிவமைப்பாளரும் நகைச்சுவையின் ஆசிரியர்களாக அடையாளம் பெறுவார்கள். சிரிக்கவைக்கத் தவறிய படமும் தன் தோல்விக்கு டிரெய்லரைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாமல், தானே பதில் சொல்ல வேண்டி வரும்.